மலையாண்டி வாங்கிய ஜீப்பு

கறம்பக்குடிப் பக்கம் யாராவது "ரத்தினவேல் ஜீப்பு" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அது மலையாண்டி வாங்கிய ஜீப்பு. என் பட்டறையில் ஆறு மாதம் மல்லாந்து கிடந்து, கிரீஸிலும் கரியிலும் புரண்டு அவர் உருவாக்கிய ஜீப்பு. அதை அவர் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார் என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சு மட்டும் என் காதில் விழக்கூடாது. கையில் சம்மட்டி இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

நான் சிவசாமி ஆசாரி. கீரனூரில் பட்டறை வைத்திருக்கிறேன். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவது தொழில். மலையாண்டிக்கு ஊர், கீரனூருக்குத் தெற்கே நாலு மைல் தள்ளி ஒரு சின்ன கிராமம். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் லாரியும் ஜீப்பும் ஓட்டியவர். தாய் தகப்பன் இல்லை. தம்பி ரத்தினவேல் மட்டும்தான். பட்டாளத்துச் சம்பளத்தை மாதம் தவறாமல் அனுப்பி, அந்தப் பயலைப் புதுக்கோட்டையில் தங்கவைத்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார்.

ஊருக்குத் திரும்பி பஸ் ஓட்டினாலும் வாய் திறந்தால் ஜீப்புப் பேச்சுத்தான். "ஆசாரி, நாலு சக்கரமும் இழுக்கும்யா! சகதியோ மணலோ, அது பாட்டுக்கு ஏறிப் போய்க்கிட்டே இருக்கும்" என்பார். அட, போதும்ப்பா என்று நான் துருத்தியைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

1951-ல் திருச்சியில் பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஜீப்பு ஒன்று விலைக்கு வந்தது. செவந்தியின் சங்கிலியும் மேட்டுக்காடு ஒரு காணியும் போயின. செவந்தி அவர் மனைவி. வண்டியைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனார். விற்கிற கன்ட்ராக்டர் இன்ஜினை முடுக்கிக் காட்டி, "ராசா மாதிரி வண்டி" என்றார். மலையாண்டி அசையவில்லை. காவிரி மணலில் இறக்கி ஏற்றினால்தான் பேச்சு என்றார். இறக்கினார்கள். பின்சக்கரம் இரண்டும் அதே இடத்தில் குழி பறித்தன, முன்சக்கரம் சும்மா நின்றது. மலையாண்டி அடியில் நுழைந்து பார்த்துவிட்டு வந்து, "முன்சக்கரத்தைச் சுத்தவைக்கிற தண்டையே கழட்டி வச்சிருக்கீங்களே, யாரை ஏமாத்தப் பாக்குறீங்க?" என்றார். கன்ட்ராக்டர் தண்டையும் கொடுத்து விலையிலும் முந்நூறு இறங்கினார். அவ்வளவு விவரமான மனுஷன். இரும்பில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

ஏமாந்தது காகிதத்தில். அப்போது அவருக்கு ஏழரைச் சனி. இரும்பு சனிக்கு உரிய பொருள், ஏழரை முடிகிற வரை உன் பேரில் இரும்பு வாகனம் ஏறக்கூடாது என்று சோசியர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் இது சகஜம். உழவு மாடு வாங்கினால்கூட வீட்டில் யாருக்கு ராசி நன்றாக இருக்கிறதோ அவர் கையில்தான் கயிற்றைக் கொடுப்போம். அதனால் ஆர்.சி. புத்தகத்தைத் தம்பி பேரில் எழுதுவது என்று முடிவானது.

செவந்திக்கு மனசில்லை. "எம் பேருல போடுங்களேன். எஞ் சங்கிலிதான போயிருக்கு?" என்றாள்.

"பொம்பள பேருல ஜீப்பா? ஆபீசுல சிரிப்பாங்க" என்றார் மலையாண்டி.

நானும் சேர்ந்து சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு ஆறு மாதம் வண்டி என் பட்டறையில் கிடந்தது. உடைந்த லாரியின் வில்பட்டைகளை வாங்கி, அறுத்து, காய்ச்சித் தட்டி, ஜீப்புக்கு அடியில் சேர்த்து நாலு விரற்கடை தூக்கினோம். புகைக்குழாயை வளைத்துப் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு நிமிர்த்தினோம், ஆற்றில் இறங்கினால் தண்ணீர் புகாது. முன்சக்கரத்தை இழுக்கவைக்கும் கம்பி குலுங்கும்போதெல்லாம் கழன்று விழுந்தது. அதற்கு ஒரு கொக்கி அடித்தேன். மூன்று தடவை அடித்து மூன்றும் சரியில்லை என்று தூக்கிப்போட்டார். "நீயே அடிச்சுக்கய்யா!" என்று உளியை எறிந்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் நாலாவது கொக்கி பொருந்தியது. பின்னால் சீட்டை எடுத்துவிட்டு இரண்டு நீளப் பலகை. முன்னால் ஒரு உருளை, அதில் கமலை இறைக்கிற வடம். எங்காவது புதைந்தால் வடத்தை மரத்தில் கட்டி உருளையைச் சுற்ற, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும்.

முதல் ஐப்பசியிலேயே வெள்ளாற்றில் இறங்கிக் காட்டினார். மாட்டு வண்டிகள் அக்கரையில் மூன்று நாளாக நின்றன. மலையாண்டி காற்றாடியின் பெல்ட்டைக் கழற்றினார், அது சுற்றினால் இன்ஜின் மேல் தண்ணீரை வாரி அடிக்குமாம். முன்பக்கம் சாக்கைக் கட்டினார். டயரில் பாதிக் காற்றை இறக்கினார். தொடை அளவுத் தண்ணீரில் மெதுவாக, நிற்காமல் போய் அக்கரை ஏறினார். ஆட்கள் கரையில் நின்று கத்திய கத்து இருக்கிறதே! அதற்குப் பிறகு பாதையே இல்லாத ஊர்களுக்கெல்லாம் அவர்தான். கடலை மூட்டை, காய்ச்சல்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் அந்த இரண்டு பலகையில்தான். பஸ் வேலையை விட்டுவிட்டார். வண்டிதான் சோறு.

1954-ல் சனி விலகியது. "புக்கை மாத்திருவோம்டா" என்றார் தம்பியிடம். அவன் அப்போது புதுக்கோட்டையில் ஒரு மண்டியில் குமாஸ்தா.

"ஆகட்டும்ணே. தை பொறக்கட்டும்" என்றான்.

தை பிறந்தது, கூடவே பெண்ணும் அமைந்தது. கறம்பக்குடிக் கடலை வியாபாரி குழந்தைசாமியின் ஒரே மகள் அமராவதி. அவ்வளவு பெரிய இடம் இந்தக் குமாஸ்தாப் பயலை எப்படித் தேடி வந்தது என்று எனக்கு ஆச்சரியம். நிச்சயத்தன்று விளங்கியது. சபை கூடியிருந்தது. தட்டு மாற்றப் போகிற நேரம், குழந்தைசாமி தட்டைக் கையில் பிடித்தபடியே மலையாண்டியைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்ல. அண்ணன் வாயால ஒரு சொல்லு கேட்டுட்டாப் போதும். மாப்பிள்ளை புக்கைக் காட்டினாப்ல, பார்த்தேன். ஜீப்பு அவரோட சொந்த ஜீப்புத்தானுங்களே?"

அந்தப் படுபாவி புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டித்தான் பெண்ணையே பேசியிருக்கிறான்! அண்ணனை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், எட்டு வயதில் பசிக்கிறது என்று பார்த்திருப்பானே, அதே பார்வை. அத்தனை பேர் முன்னால் தம்பியைப் பொய்யன் என்று காட்டிக்கொடுக்க எந்த அண்ணனுக்கு மனசு வரும்?

"ஆமாங்க. தம்பியோடதுதான்" என்றார் மலையாண்டி. தட்டு மாறியது.

திரும்பி வரும் வழியில் ரத்தினவேல் வண்டியை நிறுத்தச்சொல்லி, செம்மண்ணில் விழுந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டான். "என் மானத்தைக் காப்பாத்திட்டீங்கண்ணே. கல்யாணம் முடியட்டும், மறுநாளே ஆபீசுக்குப் போயி மாத்தித் தந்துர்றேன்" என்று அழுதான். நான் பக்கத்தில்தான் நின்றேன். நிஜமாகவே கண்ணீர் வந்தது.

கல்யாணம் முடிந்தது. மாமனார் வீட்டு விருந்துக்கு ஜீப்பில் போய்விட்டு வருகிறேன் என்றான். போனவனும் திரும்பவில்லை, வண்டியும் திரும்பவில்லை. மாசியில் கேட்டதற்கு, கடலை ஏற்றுகிற சமயம் என்று சொல்லி அனுப்பினான். சித்திரையில், மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றான். கடிதத்துக்குப் பதிலே இல்லை. மலையாண்டி பழைய பஸ் கம்பெனி வாசலில் போய் நின்றார், இடமில்லை என்றார்கள். செவந்தி களை எடுக்கக் கூலிக்குப் போனாள். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆவணியில் நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "இன்னும் எத்தனை நாளைக்குப் பொறுக்குறது? அங்கிட்டுப் போயி உள்ளதை உள்ளபடி சொல்லு. நான் சாட்சி" என்றேன்.

குழந்தைசாமி வீட்டு முற்றத்தில் ஜீப்பு நின்றது. என் வில்பட்டை ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது. கண்டபடி மூட்டை ஏற்றியிருக்கிறார்கள். மலையாண்டி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். குழந்தைசாமி வாய் நிறைய வரவேற்றார். "வாங்க, வாங்க. முன்னாடி நீங்கதான் சம்பளத்துக்கு ஓட்டினீங்கன்னு மாப்பிள்ளை சொன்னாப்ல. இங்கிட்டே வந்துருங்களேன், மாசம் நாப்பது ரூவா தர்றேன். இந்தப் பயலுகளுக்கு இதை ஓட்டத் தெரியல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ரத்தினவேல் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பளத்துக்கு! அந்தச் சொல்லில்தான் மலையாண்டிக்கு வாய் திறந்தது. "வண்டி என்னுதுங்க. எங்காசு. எஞ் சம்சாரத்தோட சங்கிலி" என்றார். சனி, சோசியர், புத்தகம் எல்லாவற்றையும் சொன்னார். நானும் சொன்னேன்.

குழந்தைசாமி கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பியை விட்டுவிட்டு அண்ணனையே பார்த்தார். "சபையில நீங்க சொன்ன சொல்லை நம்பித்தான் எம் பொண்ணைக் குடுத்தேன். அன்னைக்குப் பொய் சொன்னீங்களா, இன்னைக்குப் பொய் சொல்றீங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யின்னா, பொய் சொல்லிக் கட்டினவன் எவனும் எம் வீட்டுல ஒரு நிமிசம் இருக்க மாட்டான்."

அமராவதி அந்த நேரம் பார்த்து இரண்டு சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்தாள். வயிறு ஆறேழு மாதம் இருக்கும். அப்பா சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். மலையாண்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். பட்டறைக்காரன் கை இது, எனக்கே வலித்தது.

"இன்னைக்குச் சொன்னதுதாங்க பொய்" என்றார்.

அவர் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு சொம்பை வாங்கி, தண்ணீர் முழுவதையும் குடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் வாசல் தாண்டும்போதுதான் ரத்தினவேல் தலையை நிமிர்த்தினான்.

"வந்தது வந்துட்டீங்க, சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்றான்.