மாறிய பக்கம் மட்டும் போதும்

“கோட்ல இந்த ஃபங்ஷனுக்கு மூணு பாராமீட்டர் குடுக்கணும்னு இருக்கு. உங்க டாக்குமென்ட்ல ரெண்டுதான். நான் எதை நம்பறது?”

கலைச்செல்வி மேடம் இப்படிக் கேட்டது 2009-இல், சிதம்பரத்தில், ஓர் இறால் குஞ்சுப் பண்ணையின் அலுவலகத்தில். நான் வேலையில் சேர்ந்து ஆறு மாதம். தொட்டித் தண்ணீரின் சூட்டைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேரை எங்கள் கம்பெனி அவர்களுக்கு எழுதியிருந்தது. இனி அதைப் பராமரிக்கப் போகிறவர் அந்த மேடம். அவருக்கு வழிகாட்ட எங்கள் டாக்குமென்ட்டை விட்டால் ஆளில்லை. “அவுங்க சைன் பண்ணா நீ பர்மனென்ட். இல்லாட்டி வேற எடம் பாத்துக்க” என்று முதலாளி குமரன் சார் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

அந்த டாக்குமென்ட்டை உருவாக்கும் முறை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் ஆபீஸ். புரோகிராம் கோடுக்குள் நாங்கள் எழுதும் குறிப்புகளிலிருந்து பக்கங்களைத் தானே தயாரிக்கும் டூல் ஒன்று வைத்திருந்தோம். ஒரு வரியை மாற்றினாலும் சாஃப்ட்வேரின் பதினோரு பகுதிகளுக்கும், அதாவது பதினோரு மாட்யூலுக்கும், முதலிலிருந்து ஓடும். எங்கள் பழைய மிஷினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியம் கரண்ட் போனால் யு.பி.எஸ். அரை மணிதான் தாங்கும். பாதியில் எல்லாம் போச்சு.

இப்படிக் கோடிலிருந்து பக்கங்களைத் தயாரிக்கும் வேலைக்கு ‘பில்ட்’ என்று பெயர்; அதை நடத்த ‘மேக்’ என்ற டூலைப் பிடித்தேன். அது கோப்புகளின் தேதியை ஒப்பிடும். பக்கத்தைவிடக் கோடு புதியதாக இருந்தால் அந்த மாட்யூலை மட்டும் ஓட்டும். நாலே நிமிஷம்! நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன்.

ஒரே குறை, என் மிஷினின் கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தது. கரண்ட் போய் வந்தால் தேதி 2002 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். பக்கத்து சீட் பாபு தினமும் கை நீட்டுவான்.

“ஹேப்பி நியூ இயர் மச்சான்! கேக் எங்கடா?”

நானும் சிரித்துவிட்டு, தேதியை மறுநாள் காலையில் சரிசெய்துகொள்வேன். கடிகாரம் சரியில்லை, பில்ட் முழுமையாக இல்லாமல் போகலாம் என்று மேக் தினமும் ஒரு வரி எச்சரித்தது. அதை நான் படிக்கக்கூட இல்லை.

பண்ணை அலுவலகத்தில், குமரன் சாரின் லேப்டாப்பில் அந்த ஃபங்ஷன் இருந்த கோப்பின் தேதியைப் பார்த்த மேடம் நிமிர்ந்தார்.

“2002-ல எழுதினதா? அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“பத்தாவது படிச்சிட்டிருந்தேன் மேடம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். குமரன் சார் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரண்ட் வந்த பிறகு நான் திருத்திய கோப்புகள் எல்லாம் ஏழு வருஷப் பழசாகிவிட்டன. அவற்றில் புதிதாக எதுவும் இல்லை என்று மேக் தாண்டிப் போயிருக்கிறது.

“அரை மணி குடுங்க மேடம்.”

தேதியை ஒப்பிடுவதையே விட்டேன். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு செக்சம் எண்ணைக் கணக்கிட்டுச் சேமிக்கவைத்தேன். ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறும். மாறியிருந்தால் அந்த மாட்யூல் மட்டும் ஓடும். ஓட்டினேன். ஒப்பிடப் பழைய எண் இல்லாததால் அந்த முதல் தடவை மட்டும், விட்டுப்போன மூன்றும் சேர்த்துப் பதினோரு மாட்யூலும் ஓடின; சாரின் புது லேப்டாப் சீக்கிரமே முடித்துவிட்டது. மூன்றாவது பாராமீட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

மேடம் அதோடு விடவில்லை. லேப்டாப்பின் தேதியை 1990 ஆக்கி, ஒரு குறிப்பில் ஒரு சொல்லை மாற்றி, அவரே ஓட்டினார். அந்த மாட்யூல் மட்டும் ஓடி, பக்கத்தில் அந்தச் சொல் மாறியது.

“சூப்பர்!” என்று பேனாவை எடுத்தவர், பாதியில் நிறுத்தினார். “எல்லாத்துக்கும் டாக்குமென்ட் இருக்கு. இந்த பில்டுக்கு எங்க?”

நான் குமரன் சாரைப் பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

“என்னைப் பாக்காத. எழுதுடா.”

ஒரு வெள்ளைத்தாளில் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். முதல் வரியைப் படித்ததும் மேடம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இன்றும் நான் எழுதும் எந்த டாக்குமென்ட்டும் அதே வரியில்தான் தொடங்கும்:

“திரையில் எச்சரிக்கை வந்தால், முதலில் அதைப் படிக்கவும்.”