வானுக்குக் காற்று வந்த கதை

அக்காவின் கணவர், என் அத்தான், வாங்கிய பழைய வான் வண்டி ஜப்பானில் பனியைப் பார்த்து வளர்ந்தது. "ஹீட்டர் இருக்கு" என்று, கழுத்தில் வியர்வை வழிய வழிய, எங்கள் வெள்ளவத்தை முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். ஹீட்டரை யாரும் போட்டதில்லை. ஆனால் அதற்குக் காற்று ஊதுகிற மோட்டார் செத்துப்போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. காற்று ஊதாததால், மழை பெய்தால் கண்ணாடியின் உட்புறம் முழுக்க ஆவி படிந்துவிடும்.

போர்க்காலக் கொழும்பில் அது சின்ன விஷயமல்ல. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. உள்ளே இருப்பது யார் என்று தெரியாத வானைக் கண்டால் படைவீரனுக்குச் சந்தேகம் வந்துவிடும். "ஒக்கொம பஹின்ன" என்பான் சிங்களத்தில், எல்லாரும் இறங்குங்கள் என்று. எனக்கும் அத்தானுக்கும் அது பழகிப்போன உடற்பயிற்சி. அக்காவுக்கோ ஏழு மாதம். பொரளையில் டொக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரண்டு இடத்தில் இறக்கினார்கள். மழைக்குள் வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. அடுத்த முறை அவள் இறங்கக்கூடாது என்று அத்தான் சபதம் எடுத்தார்.

கராஜுக்குக் கொடுத்திருக்கலாம். வேறு ஊரில் என்றால் கொடுப்பார்கள்.

"டாஷ்போட்டைக் கழட்டிப்போட்டு, உள்ளுக்கை குண்டு எதையேன் வைச்சு மூடிவிட்டாங்கள் எண்டால் ஆர் மறியலிலை கம்பி எண்ணுறது? நானோ, நீயோ?" என்று கேட்டார் அத்தான்.

அத்தான் ஒரு கணக்காளர். பல்பு மாற்றப் போய் வீட்டையே இருட்டாக்கிவிடுகிற கை அவருடையது. ஆனாலும் தானே பூட்டுவதாக முடிவெடுத்தார்.

பழைய வண்டிச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய மோட்டார் ஒன்றைப் பார்த்து வாங்கிவருவது என் வேலை. பைக்குள் ஒளித்துக் கொண்டுவரக்கூடாது, ஒளித்தால்தான் சந்தேகம் வரும் என்பது அத்தானின் கட்டளை. ஆகவே வயர்கள் வெளியே தொங்க, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டாள். பின்னால் இருந்தவர் எழும்பி முன்னால் போனார். காலி ஊருக்குப் போகும் பெருவீதி நெரிசலில் பாதி பஸ் எனக்கென்று ஒதுங்கியது. என் நல்ல காலம், அன்று பஸ்ஸை யாரும் மறிக்கவில்லை.

ஞாயிறு காலை அத்தான் வானுக்குள் மல்லாந்து கிடந்தார். தலை டாஷ்போட்டுக்குக் கீழே, கால்கள் கதவுக்கு வெளியே. நான் டோர்ச் பிடித்தேன். மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு யன்னலைச் சாத்திக்கொண்டார்கள். காலையில் ஒரு தமிழன் வயரும் கையுமாகக் கிடந்தால் பார்க்காமல் இருப்பதுதான் நல்ல அயலவருக்கு அழகு. பழைய மோட்டாரின் விசிறிக்குள் காய்ந்த இலையும் கரப்பானும் அடைந்திருந்தன. புதியதை ஏற்றி, ஆணிகளை முறுக்கி, சுவிச்சைப் போட்டார். முதல் காற்றோடு வந்த தூசி முழுவதும் அவர் முகத்துக்குத்தான் போனது.

"இஞ்சை வந்து பாரும்!" என்று அக்காவைக் கூப்பிட்டார். அவள் காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்துப் பொரளைக்குப் போன நாளும் மழை. மோட்டார் இரைந்துகொண்டே ஊதியது. கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவிகூட இல்லை. அத்தான் ராசா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

கிருலப்பனையில் படைவீரன் குனிந்து பார்த்தான். இந்த முறை உள்ளே எல்லாமே அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அக்காவின் நெற்றியில் சிவப்பாகப் பெரிய பொட்டு இருந்தது. அவன் பார்வை அதிலேயே நின்றது.

"தெமளத?" என்றான். தமிழா என்று கேட்கிறான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஒக்கொம பஹின்ன."

இறங்கினோம். அடையாள அட்டைகளைக் காட்டி, நனைந்து, திரும்ப ஏறினோம். ஹீட்டர் சூடாகவில்லை; ஈர உடம்பில் வெறும் காற்றுப் பட்டு அக்காவுக்குக் குளிர் இன்னும் கூடியது. அத்தான் சுவிச்சை அணைக்கக் கையை நீட்டினார்.

"விடுங்கோ, கண்ணாடி மறைச்சுப்போடும்" என்றாள் அக்கா.

பிறகு நெற்றியில் ஒட்டியிருந்த பொட்டை உரித்து டாஷ்போட்டில் ஒட்டினாள். பொரளைச் சந்தியில் நின்ற படைவீரன் கண்ணாடியூடாக எங்களை ஒருமுறை பார்த்தான். போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"மோட்டர் நல்லா வேலை செய்யுது, என்ன?" என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல்.

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

"ஓம்" என்றாள் அக்கா, வெறும் நெற்றியைத் தடவிக்கொண்டு.