தாய்மாமன் மடியும் ரோபோ கையும்

டிவியில் ரோபோ நாடகம் எழுதுகிறவர்கள் வாழ்க்கையில் ஒரு மிக்ஸியையாவது கழற்றிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்க ஓடுகிற தொடர் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வேலைக்கார ரோபோ. கோபம் வந்தால் அதற்குக் கண் சிவக்கும். கையை வெட்டி எறிந்தால், கை மட்டும் தானாக ஊர்ந்து போய் முதலாளியின் கழுத்தை நெரிக்கும். மழையில் நனைந்தாலும் கடலில் குதித்தாலும் ஒன்றும் ஆகாது. யாரும் அதற்குச் சார்ஜ் போட்டு நான் பார்த்ததில்லை. குப்பை.

எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் உண்டு. ஆலுவாப் பக்கம் ஒரு மர மில்லில் வேலை பார்த்தபோது ரம்பத்தில் என் வலது கை போய்விட்டது. இப்போது இருப்பது மோட்டார் வைத்த கை. முழங்கைக்குக் கீழே மிச்சமிருக்கிற தசையை ஒரு பக்கம் இறுக்கினால் விரல்கள் மூடும், மறுபக்கம் இறுக்கினால் திறக்கும். கொச்சிப் புழுக்கத்தில் உள்ளே வேர்த்துவிட்டால் அதற்குப் புத்தி பேதலிக்கும். மூடச் சொன்னால் திறக்கும். ஒரு சாயா கிளாஸைப் பிடிப்பதற்குள் சாயா ஆறிவிடும். மேலே மாட்டியிருக்கிற ரப்பர் உறையோ எவனோ வெள்ளைக்காரனின் தோல் நிறம்.

சந்தில் வளர்ந்த ஆட்களே வழிமறித்து, "சேட்டா, ஒரு தேங்காய நசுக்கிக் காட்டு" என்று கேட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு என் தங்கை மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தங்கைக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். கையோடு சேர்த்து வேலை போனது, பெண் பார்த்து வைத்திருந்த இடமும் போனது. இந்த மடி மட்டும் போகாது என்று நம்பியிருந்தேன்.

புது வேட்டி கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். காது குத்த வந்த நகைப் பத்தர் ஊசியோடு தயாராக இருந்தார். அவளுடைய மாமியார் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தப்பா நெனைக்கண்டாம் தம்பி. பிள்ளைய உங்க சித்தப்பா மகன் மடியில வச்சுக்கலாம்."

"ஏன் அத்தே, என் மடிக்கு என்ன?"

"மடிக்கு ஒண்ணுமில்ல. அந்தக் கை திடீர்னு இறுக்கிடுச்சுன்னா? டிவியில பாக்கறோமே."

தங்கை புருஷனும் சேர்ந்துகொண்டான். "அம்மை சொல்றதுலயும் காரியமுண்டு மச்சான். மெஷினல்லே. எப்ப என்ன செய்யும்னு ஆருக்குத் தெரியும்?"

மெஷினுக்குக் கையைக் கொடுத்தவனிடம் இவன் மெஷினைப் பற்றிச் சொல்கிறான்.

"விரல நீட்டுங்க மாப்பிள்ளை."

"எதுக்கு?"

"கைக்குள்ள வைங்க. நெரிக்குதான்னு பாப்போம்."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "மோதிரத்தக் கழட்டிட்டு வைடா, அதுவாவது மிஞ்சட்டும்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். கர்ர் என்ற சத்தத்தோடு விரல்கள் மெதுவாக மூடின. காலையிலிருந்து உள்ளே வேர்த்திருந்தது. பாதியில் அவை திறந்துகொள்ள, பழம் நழுவித் தரையில் விழுந்தது.

நெரிக்காது என்று காட்டத்தான் அதைச் செய்தேன்.

"பழமே நிக்கல, பிள்ளை எப்படி நிக்கும்?" என்றார் அத்தை.

பலம் இருந்தால் கொன்றுவிடுமாம். பலம் இல்லாவிட்டால் கீழே போட்டுவிடுமாம். அந்த நாடகம் இவர்களுக்குக் காட்டியது ஒன்று அரக்கன், இல்லாவிட்டால் உடைந்த பொம்மை. மெதுவாக, அரைகுறையாக வேலை செய்கிற ஒரு கையை எவனும் காட்டவில்லை. யார் பார்ப்பார்கள் அதை?

"அப்ப கழட்டி வச்சுட்டு உக்காருங்களேன்" என்றான் தங்கை புருஷன்.

கழற்றினேன். தசை சுருங்கி, தையல் போட்ட கோடு தெரிகிற மொட்டைக் கை. இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "சபையில வேண்டாம் தம்பி, மூடுங்க" என்றார் அத்தை. மெஷினும் ஆகாது, சதையும் ஆகாது. கையைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

உள்ளேயிருந்து தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உக்காருண்ணே."

உட்கார்ந்தேன். பிள்ளையை என் மடியில் இறக்கினாள்.

"மோளே, ஒரு நிமிஷம் நில்லு" என்றார் அத்தை.

"நாடகம் பாத்தது போதும் அத்தே. பத்தரே, நீங்க குத்துங்க."

மோட்டாரை அணைத்துவிட்டு, மேல்கையால் பிள்ளையின் முதுகுக்கு முட்டுக் கொடுத்தேன். இடது கையால் தலையைப் பிடித்துக்கொண்டேன். பத்தர் ஊசியை ஏற்றினார். பிள்ளை வீறிட்டாள்.

"பாத்தியா, அந்தக் கையக் கண்டு பயந்துட்டா" என்றார் அத்தை.

"குத்துனது நானாக்கும் அம்மே" என்றார் பத்தர்.

அதை யாரும் காதில் வாங்கவில்லை. கை, கை என்றே பேச்சு ஓடியது. நான் பிள்ளையின் முகத்தை என் நெஞ்சோடு சாய்த்து, அடுத்த காதைப் பத்தர் பக்கம் திருப்பினேன்.