வாட்ச்மேனின் நம்மாளு

சேக்காட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் ஒல்லியானவர். தொளதொளத்த நீலச் சட்டைக்கு மேலே நரைத்த மீசை மட்டும் கம்பீரமாக நிற்கும். அடிமைகளை விடுவித்த அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிய புத்தகம் ஒன்று பழைய பேப்பர் கட்டில் அவருக்குக் கிடைத்தது. உதடசைய தினமும் இரண்டு பக்கம் படிப்பார். காலையில் நான் வண்டி எடுக்கும்போது, சொந்தக்காரர் வீட்டுச் சேதியைப் போலச் சொல்வார்.

"நேத்து நம்மாளு எலெக்சன்ல தோத்துட்டாரு சார்."

எனக்கே வருத்தமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுத் தண்ணீர் கேனை மூன்றாம் மாடிக்குத் தூக்க வந்தவரின் முகம் வாடியிருந்தது.

"என்ன, நம்மாளுக்கு உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"இல்ல சார். ஒருவாட்டி கப்பல்ல ஒரு ஊருக்குப் போனப்போ, அங்க மனுசங்கள சங்கிலில கட்டி விக்க இட்டுகினு போனத பாத்துக்கீறாரு. அந்த ஊர்க்காரங்க கண்டுக்கவே இல்ல. அவங்களுக்குப் பழகிப்போச்சு. இவருக்கு மட்டும் மனசு ஆறல. அந்த ஊருதான் சார் அவர இப்டி ஆக்கிச்சு."

"நல்லவேளை, இப்ப அதெல்லாம் இல்ல."

"ஆமா சார்" என்று சிரித்தபடி, கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினார். பக்கத்தில் லிஃப்ட் காலியாகத்தான் நின்றது. 'வேலையாட்கள் படியைப் பயன்படுத்தவும்' என்று அதில் ஒட்டியிருந்த தாளில், குடியிருப்போர் சங்கச் செயலாளராகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

தாளைக் கிழித்து ஒரு மாதமாகிறது. அவர் இன்னும் படியில்தான் ஏறுகிறார். கேட்டால், அதே சிரிப்புடன் "பழகிப்போச்சு சார்" என்கிறார். யாருக்கு என்று மட்டும் சொல்வதில்லை.