கோழிக்கருவுக்கு இதயம் எந்தப் பக்கம்

திருவண்ணாமலைக்கு ஆபீஸ் வேலையா வர்ற பெரிய மனுஷங்க யாரும் வெறும் வேலைக்காக வர மாட்டாங்க. பௌர்ணமி என்னிக்குனு காலண்டரைப் பாத்துட்டுதான் தேதி குடுப்பாங்க. என்னோட எம்.பில். வைவாவுக்கு வந்த பேராசிரியரும் அப்படித்தான், தை மாசப் பௌர்ணமியாப் பாத்துக் குடுத்தாரு. மதியம் என்னைக் கேள்வி கேட்டு முடிச்சுட்டு, சாயங்காலம் மலை சுத்திட்டு, மெட்ராஸ் பஸ் ஏறிடலாம்னு கணக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் பொழப்பே அந்த ஒரு நாள்ல தொங்குது, இவருக்கு அது கிரிவலத்துக்கு நடுவுல ஒரு சின்ன ஜோலி.

எனக்கு அப்ப முப்பத்தெட்டு வயசு. ஒரு தனியார் காலேஜ்ல விலங்கியல் துறைல பதினோரு வருஷமா தற்காலிக லெக்சரர். ரெண்டாயிரம் பொறந்த கொஞ்ச நாள்ல நிர்வாகம் சொல்லிடுச்சு, எம்.பில். இல்லாதவங்க இத்தனாம் வருஷம் ஜூன்லேர்ந்து வர வேணாம்னு. கீழ்பென்னாத்தூர்லேர்ந்து தினமும் பஸ்ல வந்து போய்க்கிட்டே பார்ட் டைம்ல சேந்தேன். இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த ரோதனைனு வீட்ல கேட்டாங்க. எதுக்குன்னா, பாடம் நடத்தறது எனக்குப் பிடிக்கும். அதை விட்டுட்டு வீட்ல உக்காந்திருக்க என்னால முடியாது. அவ்ளோதான் விஷயம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டது ரெண்டு நாள் கோழிக்கரு. அதை மெழுகுல பதிச்சு, மைக்ரோடோம்ங்கிற மெஷின்ல வெச்சு, முடியை விட மெல்லிசா சீவி, ஒவ்வொரு சீவலையும் ஸ்லைடுல ஒட்டுவோம். பசங்க ஒரு ஸ்லைடைப் பாப்பாங்க, வட்டமா ஏதோ தெரியும், புக்குல இருக்கற படத்தைப் பாத்து அப்படியே வரைஞ்சுடுவாங்க. அந்த வட்டம் எப்படி ஒரு கோழி ஆகுதுனு ஒருத்தருக்கும் புரியாது. ஒரு துண்டு ரொட்டியைக் காட்டி முழு ரொட்டி எப்படி இருக்கும்னு கேட்டா எப்படிச் சொல்லுவாங்க? வெளிநாட்டு டாக்டருங்க ஸ்கேன் படங்களை கம்ப்யூட்டர்ல அடுக்கி, விர்ச்சுவல் ரியாலிட்டினு அதுக்குள்ளயே போய்ப் பாக்கறாங்கனு ஒரு பத்திரிகைல படிச்சேன். நம்மளும் பண்ணா என்னனு தோணுச்சு.

தலையில மாட்டற கருவிக்கெல்லாம் நான் எங்க போறது? மைக்ரோஸ்கோப் கண்ல ஒரு இரவல் கேமராவை வெச்சு அழுத்தி நூத்திச் சொச்சம் சீவலையும் படம் எடுத்தேன். அடுக்கற சாஃப்ட்வேரை பிரௌசிங் சென்டர்ல இலவசமா இறக்கினேன். தேரடி பக்கம் ஃபேன்சி ஸ்டோர்ல சிவப்பும் நீலமும் கண்ணாடித்தாள் வாங்கி, கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, மூக்குக் கண்ணாடி செஞ்சேன். அதைப் போட்டுக்கிட்டு பாத்தா கரு ஸ்கிரீனை விட்டு வெளிய வந்து நிக்கும். மவுசைத் தள்ளினா மூளைக்குள்ள நுழைஞ்சு தண்டுவடம் வழியா வெளிய வரலாம். மொத தடவை பாத்தப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு எனக்குக் கிடையாது.

வைவா அன்னிக்கு மதியம் ரெண்டு மணிக்கு பேராசிரியர் அந்த அட்டைக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டாரு. சின்னப் பையன் மாதிரி சிரிச்சாரு. மவுசைத் தள்ளித் தள்ளி உள்ள போனாரு. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு.

"ஏம்மா, இந்த வயசுக் கருவுக்கு இதயம் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கும்?"

"வலது பக்கம் சார்."

"உங்க கோழிக்கு?"

பாத்தேன். இடது பக்கம். ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன், ஒரு நாள் கூட என் கண்ல படல. 

அவரு கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சாரு. கோவமா எல்லாம் பேசல. "வேடிக்கை காட்ட இது நல்லா இருக்கு. ஆனா தப்பான கோழியைக் காட்டிப் பாடம் நடத்த முடியாது இல்லையா? திருத்திட்டு ஆறு மாசம் கழிச்சுக் கூப்பிடுங்க, வரேன்" அப்படின்னாரு. ஆறு மாசம்னா நிர்வாகம் சொன்ன ஜூன் தாண்டிடும். ஜூன் தாண்டினா எனக்கு வேலை இல்ல.

"சார், பத்து நிமிஷம் குடுங்க"னு சொல்லிட்டு லேபுக்கு ஓடினேன். அங்கதான் எங்க அட்டெண்டர் இருந்தாரு. அந்தச் சீவல் மொத்தமும் அவரு கையால வெட்டினது. இருபது வருஷமா அந்த மைக்ரோடோம்ல உக்காந்திருக்காரு, அவரைத் தவிர வேற யார் தொட்டாலும் அது ஒழுங்கா வெட்டாது. எனக்கு வந்த ஆத்திரத்துல வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஸ்லைடை எல்லாம் மாத்தி வெச்சு என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேண்ணானு.

அவரு கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டாரு. "ஒண்ணு கூட மாறல மேடம். ஒண்ணாம் நம்பர் வால், கடைசி நம்பர் தலை. எப்பவும் அப்படித்தான வெட்டுவேன்?"

"வால்லேர்ந்தா? யாராவது வால்லேர்ந்து வெட்டுவாங்களா? புக்குல தலைலேர்ந்துதான போட்டிருக்கு?"

"சாமியைப் பாக்கறப்ப மொதல்ல பாதம், அப்புறம்தான மேல முகம்? எந்த உயிரா இருந்தாலும் நான் அப்படித்தான் மேடம் ஆரம்பிப்பேன். பழகிடுச்சு."

அப்பதான் எனக்கு உறைச்சுது. ஏன்னா, மொத மொதல்ல கம்ப்யூட்டர்ல அடுக்கினப்போ கரு தலைகீழாத்தான் வந்துச்சு. ஏன் இப்படி வருதுனு நான் யோசிக்கல. மவுசால நிமித்தி வெச்சுட்டு மேல வேலையைப் பாத்தேன். வால்லேர்ந்து வர்ற சீவலை தலைலேர்ந்து வர்றதா நினைச்சு அடுக்கினா, எல்லாம் முகம் பாக்கற கண்ணாடில தெரியற மாதிரி இடம் வலம் மாறிடும். நிமித்தி வெச்சா நிக்கும், ஆனா மாறினது மாறினதுதான். தப்பு அவரு மேல இல்ல. எந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டறீங்கனு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்.

திரும்பி ஓடினேன். பேராசிரியர் பையைக் கையில எடுத்திருந்தாரு. வால்லேர்ந்து வெட்டின விஷயத்தைச் சொன்னேன். "சார், நீங்க இப்ப மலை சுத்தக் கிளம்புங்க. வரிசையைத் திருப்பி அடுக்க இந்த மெஷினுக்கு நாலு மணி நேரம் ஆகும். நீங்க சுத்தி வரவும் அவ்ளோ நேரம் ஆகும். ஏழு மணிக்கு வந்து பாருங்க. அப்பவும் தப்பா இருந்தா எம்.பில்.லே வேணாம்னு நானே எழுதிக் குடுத்துடறேன்."

"நடுவுல கரண்ட் போச்சுன்னா?"

"பௌர்ணமி அன்னிக்கு எங்க ஊர்ல கரண்ட் போகாது சார்."

வாட்சைப் பாத்தாரு. ஏழரைக்கு பஸ்ஸுனாரு. செருப்பைக் கழட்டி என் மேசைக்கு அடியில விட்டுட்டு வெறுங்காலோட கிளம்பிட்டாரு.

அஞ்சு மணிக்கு கம்ப்யூட்டர் ரூமைப் பூட்ட ஆள் வந்தான். சாவியை இங்க வெச்சுட்டுப் போ, இல்லன்னா நீயும் என் கூட உக்காருன்னேன். என் மூஞ்சியைப் பாத்துட்டு சாவியை வெச்சுட்டுப் போயிட்டான். அட்டெண்டர் டீ வாங்கிட்டு வந்து குடுத்தாரு. நான் கத்தினதைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. நான்தான் பேசியிருக்கணும்.

ஏழு அடிச்சுக் கொஞ்ச நேரத்துல பேராசிரியர் வந்தாரு. நெத்தி நிறைய விபூதி, கால் நிறைய புழுதி. அடி அண்ணாமலை கோயில் தாண்டினதும் கால் ரெண்டும் கழண்டு போச்சும்மானாரு. கண்ணாடியைப் போட்டுப் பாத்தாரு. இதயம் வலது பக்கம் இருந்துச்சு. எனக்கு உசுரு வந்துச்சு.

"சரி. ஆனா, நான் சொன்னேன்னு நீங்க திருப்பிட்டீங்க. கம்ப்யூட்டர்ல எதை வேணா எப்படி வேணா திருப்பலாம். இந்தக் கோழிக்கு நிஜமாவே வலது பக்கம்தான்னு நான் எதை வெச்சு நம்பறது?"

நியாயமான கேள்வி.  கதவுப் பக்கம் நின்னுக்கிட்டிருந்த அட்டெண்டர் தயங்கித் தயங்கி சொன்னாரு.

"சார், அதுல ஒரு ஊசிக் குத்து இருக்கணும். வெட்டறதுக்கு முன்னாடி, முழுசா இருக்கறப்பவே, கருவைச் சுத்தி இருக்கற சவ்வுல வலது பக்கமா ஒரு குத்து குத்தி வெப்பேன். பின்னால பக்கம் குழம்பக் கூடாதுனு."

அந்த ஓட்டையை எனக்கு நல்லாத் தெரியும். படத்துல பாக்கறப்ப எல்லாம், இந்த மனுஷன் இப்படிக் கிழிச்சு வெச்சிருக்காரேனு திட்டியிருக்கேன். அழிச்சு அழகாக்கணும்னு இருந்தேன், நேரம் பத்தாம விட்டுட்டேன். பேராசிரியர் மவுசைத் தள்ளிக்கிட்டே தேடினாரு. ஓட்டை இதயம் இருந்த அதே பக்கம், வலது பக்கம் இருந்துச்சு.

அவரு கண்ணாடியைக் கழட்டி அட்டெண்டர்கிட்ட நீட்டி, "நீங்க பாருங்க"ன்னாரு. ரெண்டு வருஷத்துல நான் ஒரு தடவை கூட அவரைக் கூப்ட்டுக் காட்டினது கிடையாது. அவரு உக்காந்தாரு. மவுசைப் பிடிச்சு வால்லேர்ந்து ஆரம்பிச்சாரு, அவசரப்படாம. "இதெல்லாம் நான் வெட்டினதா?"னு மெதுவா கேட்டாரு. ஏழரை பஸ் போயிடுச்சு, யாரும் எழுந்திருக்கல.

பேராசிரியர் பேனாவைத் திறந்துட்டு என் ஆய்வேட்டைப் புரட்டினாரு. நன்றி சொல்ற பக்கத்துல நிறுத்தினாரு. முதல்வர், வழிகாட்டி, வீட்டுக்காரர், அண்ணாமலையார், கேமரா குடுத்தவர் வரைக்கும் அதுல இருந்தாங்க. "இவர் பேரு எங்கம்மா?"

 "இப்பவே எழுதிடறேன் சார்"னு அவரோட பேனாவை வாங்கினேன். பேப்பர் மேல வெச்சேன், கை நகரல. பதினோரு வருஷமா அண்ணா அண்ணானு கூப்ட்டிருக்கேன், இப்ப எழுத ஒரு பேரு எனக்குத் தெரியல.

"உங்க பேரு என்னண்ணா?"னு கேட்டேன். அவரு அப்ப இதயம் வரைக்கும் வந்திருந்தாரு. ஸ்கிரீன்லேர்ந்து கண்ணை எடுக்காமலே சொன்னாரு, நான் எழுதிக்கிட்டேன்.