உத்தரவைக் காட்டிய மறுநாள்

ஏரியூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தபோது, அங்கன்வாடி ஊழியர் சங்கத்தின் செயலாளர் மாதம் தவறாமல் ஒரு மனுவோடு வருவார். ஒல்லியான, வெயிலில் கறுத்த பெண்மணி. மனுவைச் சும்மா நீட்ட மாட்டார். என் மேசைமுன் நின்று முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கொடுப்பார். நிதி இல்லையென்று சின்ன ஊர்களின் மையங்களை மூடக் கூடாது, மூன்று வயதுக் குழந்தை பக்கத்து ஊர்வரை நடக்காது என்பதுதான் எப்போதும் அதில் இருக்கும்.

ஒருநாள் வாசித்து முடித்துவிட்டு, "மூடச் சொல்லி ஆர்டர் வந்துருச்சுங்களா சார்?" என்றார்.

வந்து இரண்டு நாளாகியிருந்தது. "இன்னும் இல்லைங்க" என்றேன்.

"வந்திருந்தா சொல்லிருங்க. நாளைக்கு ஆர்ப்பாட்டத்துக்கு எங்காளுங்க ஒரு நாள் சம்பளத்த வுட்டுட்டு வர்றாங்க. ஏமாத்திக் கூட்டியாரக் கூடாதுங்க."

நான் கோப்பைத் திறந்து காட்டினேன். மூடப்போகும் மையங்களின் பட்டியலில் அவர் வேலைபார்த்த மையமும் இருந்தது. ஒவ்வோர் ஊராக விரலால் தொட்டுப் படித்துவிட்டுப் போனார்.

மறுநாள் வாசலில் அறுபது பெண்களாவது வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவரிடம் போய், "நீங்க சொல்லலைங்களா?" என்று கேட்டேன்.

"நேத்தே எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேங்க. வூட்லயே இருங்கன்னும் சொன்னேன். வந்துட்டாங்க."

சாயங்காலம்வரை அதிகாரி வெளியே வரவில்லை. அந்த மாதமே மையங்களைப் பூட்டிவிட்டார்கள். "வந்துட்டாங்க" என்று சொன்னபோது அந்தச் செயலாளரின் முகம் பயந்ததுபோல் இருந்தது. அது ஏனென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.