அம்மாவின் பெயரில் கட்டிய வாட்டு

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் புத்தூரில் வெங்காய மூட்டை சுமந்த நான் சொந்தமாக லொறி விட்டேன், கடை போட்டேன், பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தேன். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை.

அம்மா இறந்தபோது அவர் பெயரில் ஒரு கட்டிடம் எழுப்ப நினைத்தேன். எங்கள் பக்கத்தில் வசதி வந்தவர்கள் செய்வதுதான். எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தங்கிப் படுக்க ஒரு வாட்டு என்று முடிவெடுத்தேன். அங்கிருந்த டொக்டர் இளம்பெண்.

"ஐயா, கட்டில் போட இடம் இருக்கு. சனத்தின்ரை சீனி, பிரஷர் பாக்கத்தான் ஒண்டுமில்லை. அதுக்கு மெஷின் வாங்கித் தாங்கோ. வருத்தம் இல்லாத ஆக்களையும் கூப்பிட்டுப் பாக்கலாம்."

"வருத்தம் இல்லாதவன் ஏன் பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வாறான்? மெஷினிலை என்ரை அம்மான்ரை பேரை எங்கை வெட்டுறது?"

அவர் சிரித்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டார். நான் வாட்டைக் கட்டினேன். மாபிள் கல்லில் பெயர் வெட்டி, மேளம் அடித்துத் திறந்தோம். வாட்டில் வேலை செய்யத் தாதிமாரை அரசாங்கம் அனுப்பவில்லை. காய்ச்சல்காரர்கூட வாட்டைத் தாண்டி பஸ் ஏறி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வருடங்கள் கழித்து அரசாங்கம் ஆஸ்பத்திரி முறையை மாற்றியது. ஊர்ச்சனம் முதலில் ஊர் ஆஸ்பத்திரியில் பதிய வேண்டும். நாற்பது தாண்டியவர்களுக்கு வருத்தம் இல்லாவிட்டாலும் சீனி, பிரஷர் சோதனை. அந்தச் சோதனைக் கிளினிக்குக்காக என் வாட்டின் கட்டில்களைக் கழற்றினார்கள். கேள்விப்பட்டதும் மனைவியையும் கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

நான் புதிய டொக்டரோடு கத்திக்கொண்டிருக்க, ஒரு தாதி மனைவியை இருத்தி விரலில் குத்திப் பார்த்தார்.

"அம்மா, எவ்வளவு காலமாய்ச் சீனி?"

"எனக்கோ? எனக்கொரு வருத்தமும் இல்லைப் பிள்ளை. கண்தான் கொஞ்சம் மங்கல். வயசுதானே."

தாதி எழுதித் தந்த துண்டோடு அவளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன்.

பெரியாஸ்பத்திரிக் கண் டொக்டர் லேசர் ஒளிக்கதிர் அடித்துப் பார்த்தும் பார்வை திரும்பவில்லை. சீனியை முந்தியே கண்டுபிடித்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். எவ்வளவு முந்தி என்று நான் கேட்கவில்லை.

இப்போது மாதாமாதம் அவளைக் கைபிடித்து அந்த வாட்டுக்குக் கூட்டிப் போகிறேன். காத்திருப்போர் இருக்கிற வாங்கு நிறையச் சனம். அந்த இளம் டொக்டர்ப் பிள்ளை அன்று கேட்ட சீனி பார்க்கிற மெஷின் தாதியின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.

"இஞ்சாருங்கோ, மாமின்ரை பேர் இன்னும் வடிவாய்த் தெரியுதோ?" என்று கேட்பாள்.

"ஓம், தெரியுது."

"பின்னை என்ன, நீங்கள் பாத்துச் சொன்னால் எனக்கு அது காணும்" என்று சிரிப்பாள். நான் கல்லைப் பார்க்காமல்தான் சொல்லியிருப்பேன்.